ஒரு கமாவின் விலை

ஆங்கில வாக்கியத்தில் ஒரு சின்னக் கோடு விடுபட்டால் சம்பளம் மாறுகிறது, குடியிருக்கும் வீட்டின் கதி மாறுகிறது. ஆங்கிலமே தெரியாதவரைக்கூட அது விட்டுவைப்பதில்லை.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர்களுக்கு இலக்கணத்தில் அக்கறை இருந்திருக்க நியாயமில்லை. ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற நிறுவனத்தின் பால் பொருட்களைக் கொண்டுபோய் இறக்குவதுதான் அவர்கள் வேலை. வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு சம்பளம் தர வேண்டும் என்கிறது அந்த மாநிலச் சட்டம். ஆனால் கெட்டுப்போகும் உணவுப் பொருட்கள் தொடர்பான சில வேலைகளுக்கு அதில் விலக்கு உண்டு. பதப்படுத்துதல், உறைய வைத்தல், உலர்த்துதல், சேமித்தல் என்று நீளும் அந்தப் பட்டியல் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று முடிந்திருந்தது.

வம்பு அங்கேதான். 'ஷிப்மென்ட்' என்ற சொல்லுக்குப் பிறகு கமா இல்லை. "அனுப்புவதற்காகப் பொட்டலம் கட்டுவது ஒன்று, வினியோகிப்பது இன்னொன்று. இரண்டுக்கும் விலக்கு உண்டு" என்பது கம்பெனியின் வாதம். "அனுப்புவதற்கோ வினியோகிப்பதற்கோ பொட்டலம் கட்டுவது என்ற ஒரே வேலைதான் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. நாங்கள் பொட்டலம் கட்டுவதில்லை, வண்டிதான் ஓட்டுகிறோம். எங்களுக்கு ஓவர்டைம் உண்டு" என்பது டிரைவர்களின் வாதம். கீழ்க் கோர்ட்டில் கம்பெனி ஜெயித்தது. 2017 மார்ச்சில் மேல் முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. வாசகம் இரண்டு பொருளுக்கும் இடம் தருகிறது, அப்படி ஐயம் வந்தால் தொழிலாளிக்குச் சாதகமான பொருளையே எடுக்க வேண்டும் என்றது. மறு ஆண்டு கம்பெனி 50 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பட்டியலின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் கமா போடாதே என்று சட்டம் எழுதுவோருக்கு அறிவுரை சொல்லி வந்தது அதே மாநிலத்தின் கையேடுதான். வழக்குக்குப் பிறகு அந்தச் சட்டப் பிரிவில் கமாக்களை எடுத்துவிட்டு அரைப்புள்ளிகளைப் போட்டார்கள்.

இது ஏதோ அமெரிக்க விநோதம் என்று தள்ளிவிட முடியாது. இதே கமா நம் உச்ச நீதிமன்றத்தின் படியும் ஏறியிருக்கிறது.

மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு வழக்கு. 1979ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்புகளில் இடம்பெற்றது. மாத்திரைகளுடன் பிடிபட்ட ஒருவர்மீது 1940ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு பாய்ந்தது. அன்றைய வாசகப்படி, விற்பனைக்காகத் தயாரிப்பது, விற்பது, 'ஸ்டாக்ஸ் ஆர் எக்ஸிபிட்ஸ் ஃபார் சேல்' ஆகியவை குற்றம். மருந்தை வெறுமனே கையில் வைத்திருந்தாலே குற்றமா, அல்லது விற்பதற்காக வைத்திருந்தால்தான் குற்றமா? 'ஸ்டாக்ஸ்' என்ற சொல்லுக்குப் பிறகு கமா இல்லை என்பதை நீதிபதிகள் கவனித்தார்கள். கமா இருந்திருந்தால் இருப்பு வைப்பதே தனிக் குற்றமாகியிருக்கும். இல்லாததால் 'விற்பனைக்காக' என்ற சொல் இருப்பு வைப்பதையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. வெறுமனே வைத்திருப்பது இந்தப் பிரிவின்கீழ் குற்றமாகாது என்றார்கள். அந்தப் பிரிவின் வாசகம் பின்னால் திருத்தப்பட்டது வேறு கதை.

இன்னொன்று வாடகை வீட்டு வழக்கு. நாக்பூர் வட்டாரத்தில் நடைமுறையில் இருந்த 1949ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, குடியிருப்பவர் மாற்று வீடு தேடிக்கொண்டால், அல்லது தொடர்ந்து நான்கு மாதம் ஊரைவிட்டுப் போயிருந்து வீடு அவருக்கு நியாயமாகத் தேவைப்படாமல் இருந்தால், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்ல அனுமதி கேட்கலாம். 'தேவைப்படாமல் இருந்தால்' என்ற நிபந்தனை இரண்டு காரணங்களுக்கும் பொதுவா, இரண்டாவதற்கு மட்டுமா? 1988ல் உச்ச நீதிமன்றம் விடை சொன்னபோது முதல் காரணத்துக்குப் பிறகு போடப்பட்டிருந்த கமாவைச் சுட்டிக்காட்டியது. அந்தக் கமா முதல் காரணத்தைத் தனியே பிரித்து நிறுத்துகிறது. ஆகவே நிபந்தனை இரண்டாவதற்கு மட்டும்தான். மாற்று வீடு கிடைத்துவிட்ட ஒருவர் "பழைய வீடும் எனக்குத் தேவை" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

நம் அரசியல் சட்டத்தின் 348ஆவது ஷரத்தின்படி, நாடாளுமன்றம் வேறு விதமாகச் சட்டம் செய்யும் வரை, உச்ச நீதிமன்றத்தில் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும். சட்டங்களின் அதிகாரபூர்வ வாசகமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்புகள் உண்டு. ஆனால் சிக்கல் வந்து டெல்லி வரை போனால் அங்கே பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப்படுவது ஆங்கில வாக்கியம்தான். ஆக, ஏ பி சி டி தெரியாத ஒரு கூலித் தொழிலாளியின் தலையெழுத்தும் ஓர் ஆங்கிலக் கமாவில் தொங்கலாம்.

அப்படியானால் கமா என்பது என்ன? நம்மில் பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரப்பட்ட விடை ஒன்றுதான்: மூச்சு வாங்கும் இடத்தில் கமா, முடியும் இடத்தில் முற்றுப்புள்ளி. இந்த விடை முழுப் பொய்யல்ல. பழையது, அவ்வளவுதான். கிரேக்கர்கள் சொற்களுக்கு இடையே இடைவெளி விடாமல் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், உரக்கப் படிப்பவருக்கு உதவியாக அலெக்சாண்டிரியா நூலகத்தைச் சேர்ந்த அரிஸ்டோஃபனிஸ் என்ற அறிஞர் மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரங்களில் புள்ளி வைத்தார். அதில் மிகக் குறுகிய துண்டின் பெயர்தான் 'கோம்மா'. வெட்டப்பட்டது என்று பொருள். இன்று நாம் காணும் வளைந்த வடிவம் 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் நகர அச்சுக்கூடங்களில், குறிப்பாக ஆல்டஸ் மனூட்டியஸ் என்பவரின் அச்சுக்கூடத்தில் நிலைபெற்றது. உரக்கப் படிப்பது குறைந்து மௌனமாகப் படிப்பது பெருகப் பெருக, கமாவின் வேலையும் மாறியது. இன்று ஆங்கிலத்தில் அது மூச்சுக்கான குறி அல்ல. எந்தச் சொல் எதோடு சேர்ந்தது, எதிலிருந்து பிரிந்தது என்று காட்டும் வேலிக்கல்.

நமக்கு அது பிடிபடாமல் போவதற்கு நம் மொழியே ஒரு காரணம். ஓலைச்சுவடியில் கமாவும் கிடையாது, முற்றுப்புள்ளியும் கிடையாது. தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகள் வேரூன்றியதே 19ஆம் நூற்றாண்டில், அச்சுக்கூடங்களும் ஆறுமுக நாவலர் போன்ற பதிப்பாசிரியர்களும் வந்த பிறகுதான். அதுவரை குறியில்லாமல் தமிழ் தவித்துவிடவில்லை. 'அண்ணனும் தம்பியும் அக்காவும்' என்றால் 'உம்' பிரித்துக் காட்டிவிடுகிறது. 'மழை பெய்தால்' என்றதுமே அது நிபந்தனை, இன்னும் வாக்கியம் முடியவில்லை என்று 'ஆல்' சொல்லிவிடுகிறது. தமிழில் உருபும் எச்சமும் செய்கிற வேலையில் ஒரு பங்கை ஆங்கிலத்தில் கமா செய்கிறது. தமிழில் கமாவை எடுத்துவிட்டால் பெரும்பாலும் படிப்பதற்குத்தான் சிரமம். ஆங்கிலத்தில் பொருளே மாறிவிடலாம்.

இந்தி படித்தவர்களுக்கு ஓர் உதாரணம் தெரிந்திருக்கும். 'ரோக்கோ மத், ஜானே தோ' என்றால் 'தடுக்காதே, போக விடு'. கமாவை ஒரு சொல் முன்னால் தள்ளி 'ரோக்கோ, மத் ஜானே தோ' என்றால் 'தடுத்து நிறுத்து, போக விடாதே'. தமிழில் 'தடுக்காதே' என்று மறுப்பு வினையோடு ஒட்டிக்கொண்டு வருவதால் இந்த வேடிக்கைக்கே இடமில்லை.

இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் எழுத உட்காரும்போது நாம் வழுக்கும் இடங்கள் பெரும்பாலும் நான்குதான்.

முதலாவது, எழுவாயையும் வினையையும் வெட்டும் கமா. 'உத்தரவில் கையெழுத்திட்ட அதிகாரி, மாற்றலாகிப் போய்விட்டார்' என்று தமிழில் எழுதினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. நீண்ட எழுவாய், ஒரு மூச்சு. அதையே ஆங்கிலத்தில் 'தி ஆபீசர் ஹூ சைன்ட் தி ஆர்டர்' என்று எழுதி ஒரு கமா போட்டு, 'ஹாஸ் பீன் டிரான்ஸ்ஃபர்ட்' என்று முடித்தால் தவறு. எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவே ஒற்றைக் கமா வரக் கூடாது. அரசு அலுவலகக் கடிதங்களிலும் தனியார் கம்பெனி சுற்றறிக்கைகளிலும் அடிக்கடி கண்ணில் படுகிற பிழை இது.

இரண்டாவது, ஜோடிக் கமா. ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'எம்ப்ளாயீஸ் ஹூ ஹாவ் கம்ப்ளீட்டட் டென் இயர்ஸ் வில் கெட் எ போனஸ்.' கமா எதுவும் இல்லை. பத்து ஆண்டு முடித்த ஊழியர்களுக்கு மட்டும் போனஸ் என்று பொருள். 'ஹூ'வுக்கு முன்னால் ஒன்று, 'இயர்ஸ்' என்பதற்குப் பின்னால் ஒன்று என இரண்டு கமா போட்டுப் பாருங்கள். ஊழியர்கள் எல்லோருக்கும் போனஸ், அவர்கள் எல்லோருமே பத்து ஆண்டு முடித்தவர்கள் என்றாகிவிடும். கமாக்களுக்கு நடுவே இருப்பது கூடுதல் தகவல், தூக்கிப் போட்டாலும் வாக்கியம் நிற்கும் என்பதுதான் கணக்கு. தமிழில் 'பத்து ஆண்டு முடித்த ஊழியர்கள்' என்ற ஒரே அமைப்பு இரண்டுக்கும் பயன்படுவதால் இந்த வேறுபாடு நம் காதில் விழுவதில்லை. டைப் அடிப்பவர் அழகுக்காகப் போட்ட இரண்டு கமா நிர்வாகத்தின் கஜானாவைத் திறந்துவிடலாம். ஒரு கமாவை மட்டும் போட்டு இன்னொன்றை மறந்தால் வாக்கியம் நொண்டியடிக்கும். ஒன்றும் வேண்டாம், அல்லது இரண்டும் வேண்டும்.

மூன்றாவது, இரண்டு முழு வாக்கியங்களை ஒற்றைக் கமாவால் தைப்பது. 'அலுவலகம் மூடியிருக்கிறது, நாளை வாருங்கள்' என்பது நல்ல தமிழ். 'தி ஆபீஸ் இஸ் க்ளோஸ்ட்' என்று எழுதிக் கமா போட்டு 'கம் டுமாரோ' என்று தொடர்வதை ஆங்கில ஆசிரியர்கள் ஏற்பதில்லை. நடுவில் முற்றுப்புள்ளி வேண்டும், அல்லது அரைப்புள்ளி, அல்லது 'ஸோ' போன்ற ஓர் இணைப்புச் சொல். இந்தப் பிழையால் பெரும்பாலும் பொருள் கெடுவதில்லை. ஆனால் விண்ணப்பம் எழுதியவரைப் பற்றிய மதிப்பு குறையும்.

நான்காவது, பட்டியல். 'ஏ, பி அண்ட் சி' என்று எழுதுவதா, 'பி'க்குப் பிறகும் கமா போடுவதா? பின்னதை ஆக்ஸ்ஃபோர்டு கமா என்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழக அச்சகத்தின் வழக்கம் என்பதால் வந்த பெயர். அமெரிக்காவில் புத்தகப் பதிப்பாளர்கள் பலர் அதைப் போடுகிறார்கள், பத்திரிகைகள் பல போடுவதில்லை. பிரிட்டிஷ் வழியில் வந்த நம் பள்ளிகளில் அதைப் போடாதே என்று சொல்லித் தருவதே வழக்கம். இரண்டும் சரிதான். ஆனால் பணமும் சொத்தும் சம்பந்தப்பட்ட இடத்தில் வழக்கத்தைப் பார்க்காமல் பொருளைப் பார்க்க வேண்டும். உயில் ஒன்றில் 'என் சொத்து என் மகனுக்கு, மற்றும் என் இரு மகள்களுக்குச் சமமாக' என்ற பொருள்பட ஓர் ஆங்கில வாக்கியம் இருந்தால் மகனுக்குக் கிடைப்பது பாதியா, மூன்றில் ஒன்றா? எழுதியவர் உயிரோடு இல்லாதபோது அந்தக் கமாவிடம்தான் கேட்க வேண்டும்.

கமாவின் சாட்சியை நீதிமன்றங்கள் எப்போதும் நம்புகின்றனவா? இல்லை என்பதுதான் சுவாரசியம். சட்டத்துக்குப் பொருள் காண்பதில் நிறுத்தக்குறி ஒரு சிறு அம்சமே என்று 1952லேயே நம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பி.கே. முகர்ஜி எழுதினார். ஆங்கிலேய நீதிபதிகளின் பழைய கொள்கையும் அதுவே. நாடாளுமன்றம் நிறைவேற்றியது சொற்களைத்தான், குறிகளைப் போட்டவர் ஏதோ ஒரு குமாஸ்தா என்பது அவர்கள் எண்ணம்.

ஆனால் அதே இங்கிலாந்தில் ஒருவர் 'கமாவால் தூக்கிலிடப்பட்டவர்' என்று பெயர் வாங்கினார். அயர்லாந்து விடுதலைக்காக ஜெர்மனியின் உதவியை நாடிய ரோஜர் கேஸ்மென்ட்மீது 1916ல் ராஜத் துரோக வழக்கு நடந்தது. அதற்குரிய சட்டம் 1351ல் நார்மன் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது. நாட்டுக்கு வெளியே செய்த காரியத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றார் கேஸ்மென்டின் வக்கீல். 'அல்லது வேறெங்கும்' என்ற சொற்கள் வாக்கியத்தின் எந்தப் பகுதியோடு சேர்கின்றன என்பதில்தான் சிக்கல். ஆவணக் காப்பகத்துக்கே போய் மூலச் சுவடியில் கோடு இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா என்று பார்த்தார்கள் நீதிபதிகள். தீர்ப்பு கேஸ்மென்டுக்கு எதிராக அமைந்தது. 1916 ஆகஸ்ட் 3ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார்.

கனடாவில் ஒரு கமா முதலில் ஜெயித்துப் பின்னால் தோற்றது. ரோஜர்ஸ் என்ற கேபிள் கம்பெனி மின்கம்பங்களைப் பயன்படுத்த அலையண்ட் என்ற தொலைபேசிக் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்திருந்தது. முதல் ஐந்து ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டு, ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து ரத்து செய்யலாம் என்பது சாரம். முன்னறிவிப்பு பற்றிய பகுதிக்கு முன்னால் ஒரு கமா இருந்தது. அதனால் முதல் ஐந்து ஆண்டிலேயே ரத்து செய்யலாம் என்று 2006ல் ஒழுங்குமுறை ஆணையம் சொன்னது. ரோஜர்சுக்கு ஏறக்குறைய 21 லட்சம் கனடா டாலர் இழப்பு என்று பேசப்பட்டது. கனடாவில் பிரெஞ்சும் ஆட்சிமொழி. மாதிரி ஒப்பந்தத்தின் பிரெஞ்சு வடிவத்தை எடுத்துப் பார்த்தார்கள். அதில் இந்தக் குழப்பமே இல்லை. 2007ல் ஆணையம் தன் முடிவை மாற்றிக்கொண்டது.

இவற்றிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்றுதான். கமாவைச் சரியாகப் போடத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் பாரம் முழுவதையும் அதன் தலையில் ஏற்றக் கூடாது. ஒரு கமாவை எடுத்தால் பொருள் மாறுகிறது என்று தெரிந்தால் அந்த வாக்கியத்தையே கலைத்து எழுதுவது நல்லது. ஒரு நீள வாக்கியத்தை இரண்டாக உடைக்கலாம். நிபந்தனைகளை ஒன்று, இரண்டு என எண் போட்டுத் தனித்தனி வரியில் நிறுத்தலாம். 'இருவருக்கும் பொதுவாக', 'ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒரு பங்கு' என்று சொல்லாலேயே சொல்லிவிடலாம். மெய்ன் மாநிலம் 50 லட்சம் டாலர் வழக்குக்குப் பிறகு செய்ததைத்தான் நாம் ஒரு வெள்ளைத்தாள் செலவில் முன்கூட்டியே செய்கிறோம்.

இப்போது பிழை திருத்தும் மென்பொருள்கள் வந்துவிட்டன. கமா விட்ட இடத்தில் அவை அடிக்கோடு போட்டுக் காட்டுகின்றன. பழகிய இடத்தில் அவை சரியாகவே சொல்லும். ஆனால் போனஸ் எல்லோருக்குமா, பத்து ஆண்டு முடித்தவர்களுக்கு மட்டுமா என்பது மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? அது எழுதுகிறவர் மனதில் இருக்கிறது.

மும்பையானாலும் பெங்களூரானாலும் டெல்லியானாலும் வாடகைக்கு வீடு பிடிக்கும் நம்மவர்கள் முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போடுகிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த 11 மாதம் அது. பெரும்பாலும் ஆங்கிலத்தில், யாரோ எப்போதோ எழுதியதைப் பார்த்து டைப் செய்தது. முன்பணம், முன்னறிவிப்பு, பெயின்ட் செலவு, பராமரிப்புக் கட்டணம் எல்லாம் ஒரே நீள வாக்கியத்தில் கமாக்களால் கோத்திருக்கும். கடைசியில் வருகிற 'குடியிருப்பவர் செலவில்' என்ற சொற்கள் அந்த வரிசையில் எவ்வளவு தூரம் பின்னால் போகின்றன? பெயின்டுக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா?

பெரும்பாலானவர்கள் வாடகைத் தொகையையும் முன்பணத்தையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். அடுத்த முறை பேனாவைத் திறப்பதற்கு முன்னால் கமாக்களையும் ஒரு தடவை பார்ப்பது நல்லது. புரியாத இடத்தில் "இது எதற்கு, இதற்கா அதற்கா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர் சொல்கிற பதிலை அந்தத் தாளிலேயே ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்ளலாம். நல்ல உறவு இருக்கும்போது அது ஐந்து நிமிட வேலை.